வண்ணத்தில் வளர்ந்த காடு

நுழையும்முன்

ஓவியம் கண்ணுக்குரிய கலை. ஆயினும் சில ஓவியங்களின் முன் நிற்கும்போது, கையை நீட்டித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற விழைவு எழுகிறது. மரப்பட்டையின் சொரசொரப்பும் பாறையின் முரட்டுத்தன்மையும் அங்கே வண்ணமாகவே திரண்டு நிற்கின்றன. அவ்வாறு ஒரு காட்டை வண்ணத்தால் எழுப்பிய ஓவியர், அக்காட்டின் மரங்கள் வெட்டப்பட்டபோது அவற்றுக்காக அரசிடம் முறையிட்டார். தெயோதோர் ரூசோ என்னும் அந்த ஓவியரின் வாழ்க்கையை இப்பாடம் விவரிக்கிறது.

மரமறுக்கும் ஆலையில் ஒரு சிறுவன்

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸில், தையல் தொழில் நடத்திய ஒருவரின் மகனாக 1812ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ரூசோ பிறந்தார். அரசியல் சிந்தனையாளர் ழான் ழாக் ரூசோவும் இவரும் வேறானவர்கள். பெயரொற்றுமை தவிர இருவருக்கும் தொடர்பில்லை.

சிறுவனாக இருந்தபோது கிழக்குப் பிரான்சின் மலைக்காடுகளுக்கிடையே மரமறுக்கும் ஆலை நடத்திய ஒருவரிடம் சில காலம் பணிபுரியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மரம் பலகையாக மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த அச்சிறுவனே, பிற்காலத்தில் மரத்தை மரமாகவே வாழவிட வேண்டும் என்று வாதாடினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாரிஸ் திரும்பிய ரூசோவின் கை ஓவியத்தை நாடியது. நிலக்காட்சி ஓவியத்தில் புகழ்பெற்றிருந்த ரெமோன் என்பவரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆனால், அன்றைய கல்விமுறை அவருக்கு உவப்பளிக்கவில்லை. தொன்மக்கதைகளையும் வரலாற்று நிகழ்வுகளையும் தீட்டுவதே உயர்ந்த கலை என அக்காலத்தவர் கருதினர். நிலக்காட்சி அதற்குப் பின்னணித் திரைபோல அமைந்தாற் போதும் என்பது அவர்களது கொள்கை. பண்டைய தேவர்களும் வீரர்களும் உலவுவதற்கேற்ற பொலிவான மரங்களை ஓவியர் தம் கூடத்தில் அமர்ந்தபடியே கற்பனையால் அமைத்துக்கொள்வர். குறிப்பிட்ட ஓரிடத்தில் வேரூன்றி, காற்றிலும் இடியிலும் கிளைமுறிந்து நிற்கும் மெய்யான மரத்திற்கு அவ்வோவியங்களில் இடமில்லை.

ரூசோவுக்கு அந்த மெய்யான மரமே தேவைப்பட்டது. எனவே, ஆசிரியரை விட்டு விலகினார். லூவர் அருங்காட்சியகத்தில் இருந்த 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களின் நிலக்காட்சிகளைத் தாமே பயின்றார். 1830ஆம் ஆண்டில் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள ஓவர்ஞ் மலைநாட்டிற்குச் சென்று, பாறைகளையும் அருவிகளையும் நேரில் கண்டு தீட்டினார். அடுத்த ஆண்டே, பாரிஸில் அரசின் ஆதரவோடு நடைபெற்ற 'சலோன்' என்னும் பெரும் ஓவியக் கண்காட்சியில் அவரது படைப்பு இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது 19.

மறுக்கப்பட்ட ஓவியர்

அந்நாளில் சலோன் கண்காட்சியே ஓவியரின் வாழ்வைத் தீர்மானித்தது. அங்கே தொங்கவிடப்பட்ட ஓவியத்தை மக்கள் கண்டனர், செல்வர் வாங்கினர், அரசு பரிசளித்தது. அங்கே இடம் மறுக்கப்பட்டவருக்குப் பிழைப்புக்கான வழியே அடைபட்டது.

1836ஆம் ஆண்டில், யூரா மலைச்சரிவுகளிலிருந்து மாடுகள் மந்தையாக இறங்கிவரும் காட்சியைப் பெரிய கித்தானில் தீட்டி ரூசோ அனுப்பினார். தேர்வுக்குழு அதனை ஏற்க மறுத்தது. அவர்பால் அன்பு கொண்டிருந்த ஓவியர் அரி ஷெஃபர், தமது கலைக்கூடத்திலேயே அவ்வோவியத்தைக் காட்சிக்கு வைத்தார். எனினும் குழுவின் மனம் மாறவில்லை. அதன்பின் அவர் அனுப்பியவையும் திருப்பியனுப்பப்பட்டன. செஸ்ட்நட் மரங்கள் இருபுறமும் அடர்ந்து கவிந்த பாதையைக் காட்டும் ஓவியம் 1841ஆம் ஆண்டில் மறுக்கப்பட்டது. இன்று லூவர் அருங்காட்சியகம் போற்றிக் காக்கும் ஓவியம் அது. பல ஆண்டுகள் அவர் சலோனுக்கு எதையுமே அனுப்பவில்லை. 'மறுக்கப்பட்ட மாபெரும் ஓவியர்' என்னும் பொருள்படும் பட்டப்பெயரால் கலையுலகம் அவரை அழைக்கத் தொடங்கியது.

குழுவினர் மறுத்தமைக்குக் காரணம் வெளிப்படையானது. அவர்கள் பழகியிருந்த ஓவியங்களின் மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பானது. தூரிகை சென்ற தடமே தெரியாதது. ரூசோவின் ஓவியங்களிலோ வண்ணம் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதனை அவர்கள் முற்றுப்பெறாத வேலை என்று கருதினர். அவரோ அதுவே காட்டின் இயல்பு என்று கருதினார்.

பார்பிசோன் சிற்றூர்

பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஃபோந்தென்புளோ காடு உள்ளது. பிரெஞ்சு மன்னர்கள் பல நூற்றாண்டுகளாக வேட்டையாடிய காடு அது. பரப்பளவு ஏறத்தாழ 17,000 எக்டேர். முதிர்ந்த ஓக் மரங்களும் பீச் மரங்களும் ஒருபுறம். மணற்பாறைகள் குவிந்த பள்ளத்தாக்குகளும் வறண்ட புல்வெளிகளும் மறுபுறம். காட்டின் ஓரத்தில் இருந்த பார்பிசோன் என்னும் சிற்றூரில் ஓவியர்கள் பலர் தங்கித் தீட்டிவந்தனர். 1830களிலிருந்தே அங்கு வந்துசென்ற ரூசோ, 1840களின் இறுதியில் ஊரிலேயே வீடு அமர்த்திக்கொண்டார். அவரையும் அவருடைய நண்பர்களையும் கலை வரலாறு 'பார்பிசோன் குழுவினர்' என்று குறிக்கிறது.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு புதுமை அவர்களுக்குத் துணைநின்றது. அதுவரை குழைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பது வழக்கம். அது எளிதில் கசியும்; விரைவில் இறுகும். 1841ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட், பிதுக்கி எடுக்கக்கூடிய உலோகக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணத்தைத் தோளில் சுமந்து காட்டுக்குள் செல்வது எளிதாயிற்று.

ரூசோ நாள்தோறும் காட்டுக்குச் சென்றார். ஒவ்வொரு மரத்தையும் அதன் சாய்வு, முடிச்சு, முறிவு ஆகியவற்றோடு தனித்தனியே அறிந்துகொண்டார். அங்கே கோட்டோவியங்களையும் சிறு வண்ணப்படிகளையும் எழுதிக்கொண்டு, பெரிய ஓவியங்களைக் கூடத்தில் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் உருவாக்கினார்.

வண்ணத்தால் மரம் எழுப்புதல்

எண்ணெய் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயில் குழைத்துப் பெறுவது. அதனை நீர்க்கப் பூசினால் அடியிலுள்ள நிறம் ஊடுருவித் தெரியும். தூரிகையாலோ வண்ணக்கத்தியாலோ தடிப்பாக அப்பினால் அது பரப்பிலிருந்து எழுந்து நிற்கும். இவ்வாறு தடிப்பாக அப்பும் முறைக்கு இத்தாலிய மொழியில் 'இம்பாஸ்டோ' என்று பெயர். அச்சொல்லே உலகெங்கும் வழங்குகிறது.

இம்முறையின் பயன் ஒளியில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒளி விழும்போது, வண்ணத்தின் ஒவ்வொரு மேடும் ஒருபுறம் மின்னுகிறது. மறுபுறம் மெல்லிய நிழலை வீழ்த்துகிறது. இவை தீட்டப்பட்ட ஒளியும் நிழலும் அல்ல; உண்மையான ஒளியும் நிழலும் ஆகும். ஆகவேதான் பார்ப்பவர் நகரும்போது ஓவியமும் உயிர்ப்புற்று அசைவதுபோலத் தோன்றுகிறது.

காட்டைத் தீட்டுவோர்க்கு இம்முறை பெரிதும் ஏற்றது. தூரத்து மரங்களையும் நிழலடர்ந்த ஆழத்தையும் மெல்லிய பூச்சால் அமைப்பர். அருகிலுள்ள அடிமரத்தின் பட்டை, பாசி படர்ந்த பாறை, வெயில் தைக்கும் இலைக்கொத்து ஆகியவற்றைத் தடித்த வண்ணத்தால் எழுப்புவர். மெல்லியது பின்னே விலக, தடித்தது முன்னே வருகிறது. பட்டையின் வெடிப்பு செல்லும் திசையிலேயே தூரிகையும் செல்லும். எல்லா இடத்தையும் ஒரேயளவு தடிப்பாக அப்பினால் காடு தோன்றாது, சேறுதான் தோன்றும். எங்கே அடக்க வேண்டும் என்பதை அறிவதே இக்கலையின் நுட்பம்.

ரூசோ வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றினார். ஓர் அடுக்கு இறுகியபின் அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய நிறப்பூச்சு. அதன்மேல் மீண்டும் தடித்த புள்ளிகள். 1850களின் தொடக்கத்தில் முற்றுப்பெற்ற 'அப்பிரெமோனின் ஓக் மரங்கள்' என்னும் ஓவியத்தில், நண்பகல் வெயிலில் நிற்கும் மரக்கூட்டத்தின் இலைகள் இவ்வாறு எண்ணற்ற சிறு தீற்றல்களால் திரண்டுள்ளன. அதில் கதையும் இல்லை, வீரனும் இல்லை. மரங்களே தலைமை மாந்தர்.

தெரிந்து தெளிவோம்

எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்து மெல்ல மெல்ல இறுகுவது. தடித்த பூச்சின் மேற்பரப்பு சில நாள்களில் தோல்போலக் காய்ந்தாலும், உட்பகுதி இறுக மாதங்கள் ஆகலாம். மெதுவாக இறுகும் அடுக்கின்மேல் விரைவாக இறுகும் அடுக்கைப் பூசினால் மேலடுக்கு வெடித்துவிடும். எனவே, எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே என்பது ஓவியர் பின்பற்றும் நெறியாகும்.

ஒரு பிழையும் அதன் விலையும்

ரூசோவின் முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெற்றன என்று கூற இயலாது. அக்கால ஓவியர் பலரைப்போல அவரும் நிலக்கீலை வண்ணத்தோடு சேர்த்தார். தாரை ஒத்த அப்பொருள் பூசியவுடன் ஆழ்ந்த பொன்பழுப்பு ஒளியைத் தரும். ஆனால், அது முழுமையாக இறுகுவதே இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கறுத்து, சுருங்கி, மேலடுக்குகளையும் பிளந்துவிடும். தேர்வுக்குழு மறுத்த அந்த மந்தையோவியம் இவ்வாறே கறுத்துப்போயிற்று. இளைஞரான ரூசோ அதில் கண்ட மலையொளியை இன்று நாம் முழுமையாகக் காண முடியாது. குழுவின் மறுப்பைக் காலம் திருத்திவிட்டது. பொருளின் பிழையைக் காலத்தாலும் திருத்த முடியவில்லை.

நட்பின் நிழல்

1848ஆம் ஆண்டின் புரட்சி பிரான்சில் மன்னராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. கலையுலகின் பழைய கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. புதிய குடியரசு, ரூசோவிடம் ஓர் ஓவியத்தைக் கேட்டுப் பெற்றது. கதிரவன் மறையும் வேளையில் காட்டின் விளிம்பு, மரக்கிளைகள் வளைவாகக் கவிய, ஒளி நிறைந்து விளங்கும் காட்சி அது. 1849ஆம் ஆண்டு சலோன் அவருக்கு முதல்நிலைப் பதக்கம் வழங்கியது.

புகழ் வந்தபோதும் வாழ்க்கை எளிதாகவில்லை. அவருடைய மனைவி மனநலம் குன்றியிருந்தார். அவரைக் காப்பகத்திற்கு அனுப்பிவிடுமாறு நண்பர்கள் கூறியும் ரூசோ இணங்காமல் தம்முடனேயே வைத்துப் பேணினார்.

உழவர் வாழ்வைத் தீட்டிய ஓவியர் ழான் பிரான்சுவா மிலே, பார்பிசோனில் ரூசோவின் அண்டைவீட்டார், உற்ற நண்பர். மிலேயின் குடும்பம் வறுமையில் வாடிய 1855ஆம் ஆண்டில், மரத்திற்கு ஒட்டுக்கட்டும் உழவனைக் காட்டும் அவரது ஓவியத்தை அமெரிக்கர் ஒருவர் 4,000 பிராங்குக்கு வாங்க விரும்புவதாக ரூசோ தெரிவித்தார். அமெரிக்கர் எவருமில்லை, வாங்கியவர் ரூசோவே. கொடுத்த கையை நண்பர் அறிந்தால் அவர் மனம் கூசும் என்பதால் அவ்வாறு மறைத்தார்.

கோடரியின் முன்

ரூசோ நேசித்த காடு அரசின் உடைமை. அரசின் வனத்துறைக்கு அது மரம் விளையும் நிலம். முதிர்ந்த ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. விரைவில் வளர்ந்து வருவாய் தரும் பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. பாரிஸ் தெருக்களில் பாவுவதற்காக மணற்பாறைகள் உடைக்கப்பட்டன. சினங்கொண்ட ஓவியர் சிலர், புதிதாக நட்ட பைன் கன்றுகளைப் பிடுங்கி எறியவும் செய்தனர்.

ரூசோவின் எதிர்ப்பு முதலில் ஓவியமாகவே வெளிப்பட்டது. 1847ஆம் ஆண்டில், மரங்கள் வெட்டி வீழ்த்தப்படும் காட்சியைத் தீட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'மாசற்றோர் படுகொலை'. ஏரோது மன்னன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்வித்ததாக விவிலியம் கூறும் நிகழ்வை அப்பெயர் நினைவூட்டுகிறது. மரம் வெட்டுதலை உயிர்க்கொலை என்று அறிவித்தது அவ்வோவியம்.

ஓவியத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1852ஆம் ஆண்டில், அரசின் உள்துறையில் பணிபுரிந்த தம் நண்பர் ஆல்ஃபிரட் சான்சியேயின் துணையோடு மோர்னி பிரபுவுக்கு விண்ணப்பம் ஒன்றை அளித்தார். மோர்னி, பின்னாளில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆன லூயி நெப்போலியனின் தாய்வழிச் சகோதரர். ஓவியர்கள் நெடுங்காலமாகப் பயின்றுவரும் காட்டுப்பகுதிகளை வெட்டாமல் காக்க வேண்டும் என்பதே விண்ணப்பத்தின் சாரம்.

முயற்சி வீண்போகவில்லை. 1853ஆம் ஆண்டில் 624 எக்டேர் நிலம் வெட்டுக்கு விலக்கானதாக ஒதுக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டு பேரரசின் ஆணையால் அப்பரப்பு 1,097 எக்டேராக விரிந்து சட்டப்பாதுகாப்பும் பெற்றது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா உருவானது 1872ஆம் ஆண்டில்தான் என்பதை நோக்க, இதன் முன்னோடித் தன்மை விளங்கும்.

இதில் ஒரு வரம்பையும் நாம் உணர வேண்டும். அந்நிலம் 'கலைக்குரிய பகுதி' என்றே ஒதுக்கப்பட்டது. அங்கே வாழும் பறவைக்காகவோ பூச்சிக்காகவோ அது காக்கப்படவில்லை. காண்பவரின் கண்ணுக்காகவே காக்கப்பட்டது. காட்டின் பரப்பில் அது ஒரு சிறு பகுதியே. எனினும், மரத்திற்கு விறகின் விலையும் பலகையின் விலையும் தவிர வேறொரு மதிப்பும் உண்டு என்பதை ஓர் அரசு அங்கே ஏட்டில் எழுதி ஏற்றுக்கொண்டது.

முடிவுறாத ஓவியம்

ரூசோ தம் வாழ்வின் தலைசிறந்த படைப்பாகக் கருதிய ஓவியம் ஒன்று உண்டு. குளிர்காலக் காட்டில் கதிரவன் மறையும் காட்சி அது. 1846ஆம் ஆண்டளவில் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன்மீது உழைத்தார். இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுடைய அக்கித்தானில், இலையுதிர்ந்த முதுமரங்களின் கிளைகள் வலையெனப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் இடையே செந்நிற ஒளி கசிகிறது. அடியில், விறகுச்சுமையோடு செல்லும் பெண்கள் எறும்பென மிகச் சிறியராகத் தெரிகின்றனர். காட்டின்முன் மனிதன் எத்தகையவன் என்பதை அவ்வளவுவேறுபாடே சொல்லிவிடுகிறது. ஆண்டுதோறும் வளையம் சேர்த்துப் பருக்கும் மரத்தைப்போல, அவ்வோவியமும் ஆண்டுதோறும் அடுக்கு சேர்ந்து பருத்தது. இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவ்வோவியத்தை அவர் முடிக்கவே இல்லை. 1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓவியத் தேர்வுக்குழுவின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருகாலத்தில் எத்தகைய குழு அவரை மறுத்ததோ, அத்தகைய குழுவின் தலைமை இருக்கை அவரைத் தேடி வந்தது. அவ்வாண்டிலேயே பக்கவாத நோய் அவரைத் தாக்கியது. டிசம்பர் 22ஆம் நாள், பார்பிசோனில் மிலே உடனிருக்க, ரூசோ காலமானார். அருகிலுள்ள ஷாய்யி ஊரின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 1875ஆம் ஆண்டில் மறைந்த மிலேயும் அங்கேயே உறங்குகிறார். நண்பர் இருவரின் முகங்களும் பொறித்த வெண்கலப்படிமம், காட்டின் ஓரத்துப் பாறையொன்றில் 1884ஆம் ஆண்டில் பதிக்கப்பட்டது.

விட்டுச்சென்றவை

ரூசோ வாழ்ந்த காலத்திலேயே மோனே, ரெனுவார், சிஸ்லே ஆகிய இளைஞர்கள் அதே காட்டுக்கு வந்து தீட்டினர். பின்னாளில் ஒளியையே பொருளாகக்கொண்ட புதிய ஓவியமரபை அவர்கள் தோற்றுவித்தனர். தடித்த வண்ணத்தால் உலகை வியக்கவைத்த வின்சென்ட் வான்கோவும் பார்பிசோன் ஓவியர்களைப் போற்றியவரே. 1948ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தோற்றுவிக்கப்பட்ட இடமும் ஃபோந்தென்புளோவே ஆகும்.

ஒரு மரத்தின் பட்டையை வண்ணத்தில் எழுப்ப, ரூசோ அதனைப் பல நாள் உற்று நோக்க வேண்டியிருந்தது. அந்த நோக்கு, மரத்தை அவருக்கு உறவாக்கியது, உறவு, வெட்டப்படும்போது வலித்தது, வலி, விண்ணப்பமாயிற்று, விண்ணப்பம், சட்டமாயிற்று. அவருடைய கலைக்கும் அவர் எடுத்த முறையீட்டுக்கும் மூலம் ஒன்றே: பொறுமையாகப் பார்த்தல்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள பழமையான மரமொன்றைக் காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் உற்றுநோக்கி, அதன் பட்டையும் நிழலும் மாறும் விதத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அழகுக்காக ஒரு காட்டைக் காத்தல், உயிர்களின் வாழிடமாகக் கருதிக் காத்தல் – இவ்விரண்டின் வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.